சுவருக்குள் இருபத்து மூன்று அடி

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. வெள்ளவத்தையில் ஓர் இலை அசையவில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடல் இருந்தும் காற்றில்லை. இருதய சத்திரசிகிச்சை முடிந்து பதினோராம் நாளான அன்று மாலை ஐந்து மணிக்கு மனைவி வீடு திரும்புவதாக இருந்தது. நெஞ்சின் தையல் வியர்வையில் ஊறக்கூடாது, அறை குளிராக இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். படுக்கையறையின் பழைய ஏசி பெப்ரவரியிலேயே செத்துவிட்டது. புதியது பெட்டிக்குள் கிடந்தது.

அதைப் பூட்ட வந்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஏசி மெக்கானிக்; எங்கள் வாயில் ‘ஏசி பாஸ்’. முந்தின வருடம் கள்ளன் என்று திட்டி நான் அனுப்பிய அதே மனிதர். பழைய மெஷினுக்கு அவர் மூன்று முறை காஸ் அடித்தார்; மூன்று முறையும் சில மாதங்களில் இறங்கிவிட்டது. ஓட்டையை அவரே விட்டுவிட்டுப் போகிறார் என்று முடிவுகட்டி, மூன்றாம் முறைக் காசை நான் கொடுக்கவில்லை. இப்போது மகள் என்னைக் கேட்காமல் அவரையே கூப்பிட்டிருந்தாள்.

"புது காஸுக்குப் பிரஷர் கூட ஐயா. பழைய லைன விட்டுருங்க, புதுசா இழுப்போம்."

"சுவருக்குள்ளை இருபத்து மூண்டு அடி செம்புக் குழாய் கிடக்குது. அளந்து வச்சிருக்கிறன். புதுசு அடிக்கு எவ்வளவு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"அதுதானே பாத்தன்."

அவர் கோபப்படவில்லை. "சரி, நைட்ரஜன் அடிச்சுப் பாப்போம். பிரஷர் ஐந்நூறுல ஒரு மணித்தியாலம் நின்னுச்சுன்னா அதையே கழுவித் தர்றேன். நிக்கலேன்னா நீங்க ஒண்ணும் பேசக்கூடாது."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சிலிண்டரைத் திறந்தார். பிரஷர் மீட்டரின் ஊசி ஐந்நூறில் நின்றது. பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக் கைக்கடிகாரத்தோடு அதன் முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கும் ஐந்நூறு. பன்னிரண்டு நாற்பதுக்கு நானூற்றுத் தொண்ணூற்றைந்து. வெயிலுக்குக் கூடலாம், குறையலாமா? ஐம்பதுக்கு நானூற்று எண்பத்தைந்து.

அவர் இரு முனை மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி இல்லை.

"மூட்டுல இல்ல ஐயா. சுவருக்குள்ளதான்."

"சுவருக்குள்ளை ஆர் போய் ஓட்டை போட்டது?"

அந்நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் வந்தாள். "இஞ்சருங்கோ, பில் கட்டியாச்சு. நாலு மணிக்கே விட்டிடுவினமாம். அறை சரியோ?"

"ஓம், ஓம், எல்லாம் சரி."

பொய் சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினேன். இரண்டு பேரும் சுவரில் காதை வைத்து அடி அடியாக நகர்ந்தோம். கலண்டர் அருகே மெல்லிய சீறல் கேட்டது. அவர் கலண்டரைக் கழற்றி, அது தொங்கிய ஆணியைச் சுற்றிச் சோப்புத் தடவினார். நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

அது நான் அடித்த இரண்டங்குலக் கொங்கிரீட் ஆணி. இரண்டு வருடங்களுக்கு முன் ஜனவரியில் அடித்தது. அந்த ஏப்ரலில்தான் முதல் முறை காஸ் இறங்கியது. குழாயின் நீளத்தை அளந்து எழுதி வைத்திருந்தேன். அது சுவரில் எந்த வழியாகப் போகிறதென்று எழுதவில்லை.

"கள்ளன் ஆப்புட்டுட்டான் ஐயா," என்றார் பாஸ். "கலண்டருக்குப் பின்னாலயே குடியிருந்திருக்கான்."

நான் சிரிக்கவில்லை. மணி ஒன்று ஐந்து. "தம்பி, நாலு மணிக்குள்ளை முடியுமோ?"

"சுவர உடைக்காம வெளியால இழுத்தா முடியும். பாக்க அழகா இருக்காது."

"அழகை விடும். இழும்."

மூன்று முப்பத்தெட்டுவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்ச அரை மணி நேரம் வெக்கியூம் பம்ப் ஓடியது. நாலு பதினாறுக்கு முதல் குளிர்காற்று முகத்தில் பட்டது. நாலு இருபத்திரண்டுக்கு எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது.

மகளின் தோளைப் பிடித்தபடி மனைவி கட்டிலில் மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடினாள். "நல்ல குளிர்," என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "கலண்டர் எங்கை?" என்று கேட்டாள்.

"கழட்டிப்போட்டன்."

முன் அறையில் பாஸ் காத்திருந்தார். வெளியால் இழுத்ததும் அதே இருபத்து மூன்று அடி. அதற்குரிய பணத்தோடு, முந்தின வருடம் கொடுக்காத ஒன்பதாயிரத்து ஐந்நூறையும் வைத்து நீட்டினேன்.

"அது போகட்டும் ஐயா."

"இல்லை, வையும்."

அவர் எண்ணாமலே சட்டைப்பைக்குள் வைத்தார். நான் இரண்டு முறை எண்ணியிருந்தேன்: ஐம்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபா.