அப்பாவின் பெயரில் இன்னொருவர்

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தலைமுறை நடக்கும். அடுத்தது அதை உதறிவிட்டுத் தன் தகப்பனைக் கட்டிக்கொள்ளும். எனக்கு அப்பாவின் பெயர், மகனுக்கு என் பெயர். ஆங்கிலத்தில் அதுவும் நிலைக்காது. வங்கியில் ஓரெழுத்துக் கூடும், அடையாள அட்டையில் ஒன்று குறையும். ‘சர்நேம்’ என்ற கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் பொய்ச் சத்தியம் செய்வதுபோலக் கை கூசும்.

போன மாதம், கடல் கறுத்துக் கிடந்த ஒரு முற்பகலில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார் சிவில் உடையில் ஒரு பொலிஸ்காரர். கையில் கோப்பு. கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் தட்டலுக்கு எங்கள் உடம்பு இன்னும் யுத்தகாலத்துப் பதிலைத்தான் சொல்கிறது.

“பயப்பட வேணாம் மிஸ்,” என்றார், யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்துப் பழகிய தமிழில். “இந்தப் பேர் உள்ள வீடு தேடுறன். இது நாலாவது.”

கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் தனியாக இருந்தவர் இறந்துவிட்டார். பிணவறையில் கிடக்கிறார். அவருடைய சர்நேமும் என்னுடையதும் ஒன்று. பின்னேரம் நாலு மணிக்குள் எவரும் கேட்டு வராவிட்டால் அரச செலவில் புதைத்துவிடுவார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. வந்ததும் வாய் நீண்டது.

“ஐயா, அது குடும்பப் பேர் இல்ல, தகப்பன்ர பேர். அந்தப் பேரில எத்தினை தகப்பன்மார்! எனக்கும் என்ர மகனுக்குமே ஒரே சர்நேம் இல்ல.”

“அப்ப நீங்க எப்பிடி ஒராளை ஒராள் கண்டுபிடிக்கிறது?”

“கத்துற சத்தத்தை வச்சுத்தான்,” என்றாள் மனைவி. பயம் தெளிந்திருந்தது.

அவர் சிரித்தபடி ஒரு தாளை நீட்டினார். உறவில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பேனாவை எடுத்தேன். “எதுக்கும் இதையும் பாருங்க,” என்று இறந்தவரின் பெட்டியில் கிடைத்த பிறப்பத்தாட்சியின் பிரதியை மேசையில் வைத்தார்.

இந்த நாட்டுப் பிறப்பத்தாட்சியில் பாட்டனாருக்கும் ஒரு கட்டம் உண்டு. தகப்பன்: அப்பாவின் பெயர். பாட்டன்: அப்பப்பாவின் பெயர். பாட்டன் பிறந்த இடம்: எங்கள் ஊர்.

கல்யாணத்துக்கு முன் அப்பா ஆறு வருடம் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து இருந்தவர். அந்த ஆறு வருடத்தைப் பற்றி அவர் சாகும்வரை எங்கள் வீட்டில் எவரும் வாய் திறந்ததில்லை.

உள்ளறையில் அம்மாவின் வானொலி சட்டென்று நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுபத்தெட்டு வயது, இருதய வருத்தக்காரி. நான் குனிந்து, ‘இவர் எனக்கு உறவில்லை’ என்று எழுதினேன். கீழே என் பெயரையும் அதன் பின்னால் அப்பாவின் பெயரையும் போட்டேன். பொலிஸ்காரர் நன்றி சொல்லிப் படியிறங்கினார்.

அம்மா அறை வாசலில் நின்றார். ஆர் செத்தது என்று கேட்கவில்லை.

“உன்னைவிட எத்தினை வயசு மூப்பாம்?”

பிறந்த திகதி கண்ணில் பட்டிருந்தது. “நாலு.”

“அப்ப அவன்தான்.” கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நாலு மணி எண்டல்லோ சொன்னவர்? வேற சேட்டுப் போடு. நானும் வாறன். நீ எழுதினது பொய் எண்டு நான் சொல்லுறன்.”

மனைவி ஓட்டோவுக்கு அழைத்தாள். காலி நகருக்குப் போகும் வீதி முழுக்க வாகனங்கள் முட்டி நின்றன. அம்மா முன்னால் பார்த்தபடியே வந்தார். பிணவறையில் துணியை விலக்கும்போது அப்பாவை இரண்டாம் தடவை பிணமாகப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.