கல்லுக்காலில் கட்டிய ஸ்டே கம்பி

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை வெயில் என்றாலே பயம்தான். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீரும் இல்லையென்றால் ஒரே மத்தியானத்தில் கொட்டகை முழுக்கக் கோழிகள் செத்துச் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நாள் காலையில்தான் எங்கள் போர் மோட்டார் கருகிப்போய் நின்றது.

எங்கள் காடு வெண்ணந்தூரிலிருந்து புதுச்சத்திரம் போகிற பக்கம். தண்ணீர் இருக்கிற போர் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகை கக்கிவிட்டு மூடிக் கிடக்கிறவை. புது மோட்டார் வாங்க என் வீட்டுக்காரர் சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் வருவதற்குள் பழையதை வெளியே எடுத்து வைப்பது என் பொறுப்பு. தண்ணீர் லாரிக்குப் போன் போட்டால், "எல்லாப் பண்ணைக்கும் ஓடுதுங்க அக்கா, பொழுது சாயப் பாக்கலாங்க" என்றான். பொழுது சாய்ந்தால் கோழியைப் புதைக்கத்தான் ஆள் தேட வேண்டும். மேல்தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது.

மோட்டார் எடுக்க வந்தவர் இரண்டு ஆட்களும் ஒரு டிராக்டருமாக வந்தார். இரண்டு கொட்டகைகளுக்கு நடுச்சந்தில் இருக்கிறது போர். பெரிய வண்டி உள்ளே வராது. அதனால் போர் வாய்க்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, சந்தின் பின்முனையில் நிற்கும் டிராக்டரிலிருந்து கம்பிவடத்தால் இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கம்பம் டிராக்டர் பக்கமாகச் சாயப் பார்க்கும். இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள் இருந்தாலும், அந்தப் பக்கம் சாயவிடாமல் பிடிப்பது எதிர்ப்பக்கத்து ஸ்டே கம்பி ஒன்றுதான். அதை முன் ஸ்டே என்கிறார்கள். கடப்பாரையைத் தரையில் ஆழமாக அடித்து அதில்தான் கட்ட வேண்டும்.

அடிக்க வேண்டிய இடத்துக்கு ஒட்டினாற்போல் எங்கள் கன்னிமார் கல் இருந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. என் மாமனார் தினமும் விளக்கு வைப்பார். ஆடியில் புதுப் பாவாடை சட்டை வாங்கிச் சாத்துவார். கன்னிமார் என்றால் ஏழு கன்னித் தெய்வங்கள். எங்கள் காட்டில் ஒரே ஒரு கல்தான். "மாமா, மிச்சம் ஆறு பேரும் எந்த ஊர் நோம்பிக்குப் போயிட்டாங்க?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். என் கேலிக்கெல்லாம் சிரிக்கிற மனிதர் இதற்கு மட்டும் சிரிக்கமாட்டார்.

கடப்பாரையோடு ஆள் அங்கே போனதும் மாமனார் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இங்க இரும்பு எறக்கக் கூடாதுங்க."

"முன் ஸ்டே இங்கதானுங்க வரோணும்" என்றார் மோட்டார்காரர்.

"கொட்டாய்க் கல்லுக்கால்ல கட்டுங்க. ஆனை இழுத்தாலும் அசையாது அது."

கல்லுக்கால் என்பது கொட்டகையைத் தாங்கி நிற்கும் கருங்கல் தூண். எங்கள் ஊர்ப் பக்கம் வேலி, வாசல், கொட்டகை எல்லாம் கல்லுக்கால்தான். கட்டுத்தறி மாட்டையே அதில் கட்டிப் பழகியவர்களுக்கு அதன்மேல் தெய்வ நம்பிக்கை. மேலிருந்து எத்தனை பாரம் வைத்தாலும் அது தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் இழுத்துப் பார்த்ததில்லை.

"மாமா, சாமி கோவிச்சுக்காதுங்க. கோழி செத்துரும்" என்றேன்.

"ஆகாது சாமி. சொன்னாக் கேளு."

எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்தச் சாமியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பெரியவர் பேச்சைத் தட்ட மனமில்லாமல், "சரி, மொள்ள இழுத்துப் பாப்போமுங்க" என்று கல்லுக்காலைச் சுற்றி முன் ஸ்டேயைக் கட்டினார்.

மோட்டார் தொங்குகிற பைப்புகளில் முதல் சில ஒழுங்காகத்தான் வந்தன. ஒரு பைப் மேலே வந்ததும் போர் வாயில் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு மொத்தப் பாரத்தையும் அதில் உட்கார வைப்பார்கள். மேல் பைப்பைக் கழற்றிவிட்டு அடுத்ததை இழுப்பார்கள். கிளாம்ப் நழுவினால் பைப்பும் மோட்டாரும் குழிக்குள் போய்விடும். அப்புறம் அந்தப் போரை மறந்துவிட வேண்டியதுதான். எங்களுக்கு அது ஒன்றுதான்.

நான் கொட்டகைக்குள் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். குடத்தில் கை விட்டால் அடியில் தட்டியது. கோழிகள் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தன. கத்துகிற கோழியைவிடக் கத்தாத கோழிதான் பயமுறுத்தும். அப்போது என் கைமேல் மாவு மாதிரி ஏதோ கொட்டியது. நிமிர்ந்தேன். கல்லுக்காலில், ஸ்டே கம்பி சுற்றியிருந்த இடத்தில், முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சந்துக்குள் ஓடி இரண்டு கையையும் ஆட்டினேன். மோட்டார்காரர் பார்த்துவிட்டார். "கிளாம்ப்பு! கிளாம்ப்பு!" என்று அலறினார். ஆள் கிளாம்ப்பைப் போட்டு ஒரு பக்கத்து போல்ட்டை முடுக்கியிருப்பான், அவ்வளவுதான். கல்லுக்கால் பட்டென்று முறிந்தது.

முன் ஸ்டே துவண்டு விழுந்தது. கம்பம் டிராக்டர் பக்கமாகப் போய், பக்க ஸ்டேக்கள் இழுத்துப் பிடிக்க, பாதியில் கோணி நின்றது. கொட்டகை மூலையில் இரண்டு கூரை அட்டைகள் நொறுங்கின. பைப் கிளாம்ப்புக்குள் கிரீச்சென்று வழுக்கியது. வழுக்கி, நின்றது. ஆள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த போல்ட்டை முடுக்கினான். யாருக்கும் அடிபடவில்லை. மேல்தொட்டிக் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது.

கோணிய கம்பத்தையும் வளைந்துபோன கப்பிக் கொக்கியையும் பார்த்துவிட்டு மோட்டார்காரர் சொன்னார்: "நிமுத்தி நட்டுப்போடலாமுங்க. ஆனா முன் ஸ்டே மண்ணுலதான் கட்டுவேன். இல்லீன்னா நான் கழட்டிட்டுப் போறனுங்க."

மாமனார் கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையை நானே தூக்கினேன். தெய்வக் குத்தம் வந்தால் என் தலையில் வரட்டும் என்று நேராகக் கல்லுக்குப் போனேன். அவர் எழுந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்து கல்லைத் தொட்டுப் பேசினார். அது சாமியிடம் பேசுகிற குரல் இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல்.

"அம்மிணி, அண்ணன் அடிக்கறேன். வேற ஆரையும் அடிக்க உடல. கோழிக்குத் தண்ணி வேணும் கண்ணு. பொறுத்துக்கோ."

அந்தக் கல்லுக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆடி ஆடிக்கு வந்த பாவாடை எப்போதும் ஒரே அளவில், சின்னப் பெண்ணுக்கு எடுத்ததாகவே இருந்ததும் அப்போதுதான் உறைத்தது. கடப்பாரையை ஊன்றிச் சம்மட்டியால் அவரே அடித்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவர் முகம் சுருங்கியது.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. கம்பத்தை நிமிர்த்தினார்கள். கடப்பாரை அசையவில்லை. வீட்டுக்காரர் புது மோட்டாரோடு வந்து இறங்கியபோது பழையது வெளியே கிடந்தது. தண்ணீர் ஏறுவதற்குள் மூலைக் கூண்டுகளில் கொஞ்சம் கோழிகள் போய்விட்டன. மிச்சமெல்லாம் குடித்தன. அவை குடிக்கிற சத்தத்தைக் கேட்டு நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

வெயில் தாழ்ந்தபின் மாமனார் கல்லருகே உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். பழைய கிணறு அங்கேதான் இருந்ததாம். அவருடைய தங்கச்சி, தண்ணீர் சேந்தப் போனவள், மேலே வரவில்லை. வயசுக்கு வராத பெண். கிணற்றைத் தூர்த்துவிட்டுக் கல்லை நட்டிருக்கிறார்கள். வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அவர் அம்மா சொல்லிவிட்டாராம். அவரும் பேசவில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பத்தையே திருப்பி நிறுத்தச் சொல்லியிருப்பேன், கல்லுக்காலும் தப்பித்திருக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கடப்பாரை பிடுங்கிய குழியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவளுக்கு வலிச்சிருக்குமா சாமி?"

குழியில் மண்ணைத் தள்ளி மூடினேன். குழாயிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்து வந்து அதன்மேல் ஊற்றினேன்.

"இல்லீங்க மாமா. அண்ணன் கைதானுங்களே."