சகலை மாட்டச் சொன்ன பாரம்

டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்போது சத்தம் எதுவும் வருவதில்லை. அதை நான் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டேன். என்ஜின் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் தூக்கியிருந்த பக்கெட்டில் ஈர மண் குவிந்து கிடந்தது. இருக்கை மட்டும், யாரோ பின்னாலிருந்து மெல்லத் தூக்கிக் கொடுப்பதுபோல் மேலே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, சரிவில் நழுவிக்கொண்டே போனது. எதிரே கொஞ்ச தூரத்தில், மண் சரியாமல் தாங்கும் கல்லுக்கட்டின் விளிம்பு. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயலில் அதற்குக் கீழேயுள்ள தட்டில் என் மனைவி முதுகைக் காட்டிக் குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். திண்டுக்கல் பக்கம் ஒரு கல் உடைக்கும் யார்டில் பல வருடங்கள் லோடர் ஓட்டியவர். திடீரென்று வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு, ஒரு பையோடு கொடைக்கானல் மலையில் வில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏன் விட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளனே எழுந்து பூண்டுக்குக் களை எடுப்பார், தண்ணீர் பாய்ச்சுவார், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். கேட்காமல் இருந்ததை என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவர்மேல் ஒரு இளப்பம் இருந்தது. நான் நாயுடுபுரத்தில் ஒரு அலுவலகத்தில் நிரந்தர வேலையில் இருந்தவன். அவர் வேலையில்லாமல் வந்து தங்கியிருப்பவர். இந்த நினைப்பு எனக்குள் அடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த வருடம்தான் பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினேன். முன்னால் மண் அள்ளும் லோடர் பொருத்தியது. கீழேயிருந்து லாரியில் வரும் எருவைத் தட்டு தட்டாகச் சுமந்து தலைச்சுமையாகக் கொட்டிய காலம் முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை. முன்பு வைத்திருந்தவர் பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டியபடியே லோடரை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குறுகலான தட்டுகளில் அதோடு வண்டியைத் திருப்ப முடியவில்லை. கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். வண்டி சிட்டாகத் திரும்பியது. சந்தோஷப்பட்டேன்.

சகலை அதைப் பார்த்த அன்றே சொன்னார். "அண்ணே, பின்னாடி பாரம் இல்லாம முன்னாடி தூக்காதீங்க. முன்சக்கரத்துக்கு முன்னால வெயிட்டு ஏறிருச்சுன்னா அப்பறம் பின்சக்கரம் காத்துலதான்."

நான் சிரித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை அவர் சொன்னது அந்தச் சம்பவத்துக்கு முந்தின நாள். ஐப்பசி மழையில் மேல்தட்டின் கட்டு இடிந்து பாதை முழுக்க மண் சரிந்து கிடந்தது. லோடரால் அள்ளிவிடலாம் என்றேன். "அந்த ரொட்டவேட்டரையாவது மாட்டிக்கிருங்கண்ணே. ஈர மண்ணு கல்லு மாதிரி கனக்கும். நம்ம பாதையும் சரிவா கெடக்கு" என்றார்.

"சோலி இல்லாம வந்து உக்காந்திருக்கவரு எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர வேணாம் சகல" என்றேன்.

இந்த வாக்கியத்தை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் மண்வெட்டியைக் கழுவி மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேகம் விலகி வெயில் வந்திருந்தது. சகலை பாதையோரத்தில் மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் நாலைந்து நடை அள்ளிக் கொட்டிவிட்டேன். வெரசாக முடிக்க வேண்டும் என்று அடுத்த நடைக்குப் பக்கெட்டை வழிய வழிய நிரப்பினேன். அது மட்டுமல்ல, எதிரில் பாதை தெரியட்டும் என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். அப்போதுதான் இருக்கை மேலே வந்தது. அந்த வண்டிக்குப் பிரேக் பின்சக்கரங்களில்தான். சக்கரம் தரையில் இல்லாதபோது எத்தனை மிதித்து என்ன?

"அண்ணே, பக்கெட்ட எறக்குங்க! கீழ எறக்குங்க!"

ஒரே ஒரு தடவைதான் கத்தினார். நான் இறக்கினேனா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. என்னை நோக்கியும் ஓடி வரவில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கல்லுக்கட்டின் மேலிருந்து கீழ்த்தட்டுக்குக் குதித்தார். என் கை தானாக லிவரைத் தள்ளியது. பக்கெட் தரையில் மோதி, அதன் விளிம்பு மண்ணைக் கீறிக்கொண்டே போய் ஊன்றி நின்றது. பின்சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. வண்டி நின்ற இடத்திலிருந்து விளிம்புக்கு ஓரடிகூட இல்லை. அந்த அதிர்ச்சியில் கட்டின் மேல்வரிசைக் கற்கள் இரண்டு பெயர்ந்து கீழே உருண்டன. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மனைவி குனிந்து நின்ற இடத்தில், பிடுங்கிப் போட்ட கேரட்டுகளின் மேல் அந்தக் கற்கள் கிடந்தன. சகலை இழுத்துத் தள்ளியதில் அவள் வரப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தார்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டபோது, "வண்டியில பிரேக் பிடிக்கல" என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லையே என்று தலையைச் சொறிந்தார். கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்ற சகலை, "மழ ஈரத்துல பிடிச்சிருக்காதுங்க" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் நானே போய், "அந்தப் பாரத்தச் செஞ்சிருவோம் சகல" என்றேன். அவர் ஒரு சிமெண்ட் சாக்குத் தாளை விரித்து, இடது கையால் கோணல்மாணலாகப் படம் போட்டுக் காட்டினார். பழைய தார் டிரம் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு கனமான இரும்புத் தண்டு. மேலே ஒரு பட்டை. டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டுகிற கீழ்க்கைகள் இரண்டும் தண்டின் முனைகளில் மாட்டும், மேல்கை பட்டையில் மாட்டும். உள்ளே ஜல்லியும் கம்பித்துண்டும் போட்டுக் கான்கிரீட். ரொட்டவேட்டர்போல் நீளமாகப் பின்னால் துருத்தாது, தட்டுகளில் திரும்புவதற்கும் இடைஞ்சல் இருக்காது. என் அலட்சியத்துக்கு நான் சொல்லியிருந்த ஒரே சாக்குக்கும் அவர் வழி யோசித்து வைத்திருந்தார். நாயுடுபுரத்தில் வெல்டிங் வைத்தோம். கலவை போட்டதெல்லாம் நான். டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குத்தி விடுங்கண்ணே, உள்ள காத்து நிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அதை ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். வந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

மலைக்குளிரில் கான்கிரீட் இறுக நாளாகும். தினமும் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றியது என் மனைவி. ஒருநாள் செம்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "ஏங்க, பிரேக்குதான் போச்சுன்னீங்க. பிரேக்குல ஒரு வேலையும் பாக்கலயே. அப்பறம் எதுக்கு இந்த டிரம்மு?"

சொல்லிவிட்டேன். மூன்று முறை அவர் எச்சரித்ததை, நான் பதிலுக்குச் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் மிச்சத் தண்ணீரையும் நிதானமாக ஊற்றி முடித்தாள்.

"என் தலையில கல்லு விழுந்திருக்கும்ங்கிறதக் கூட விடுங்க. சோலி இல்லாதவருன்னா அவரச் சொன்னீங்க? கைய ஒடிச்சுக்கிட்டு அந்த மனுசன் நம்ம வீட்லயே வாயத் தெறக்காம இருந்திருக்காரு. போய்ச் சொல்லுங்க, போங்க."

சகலை கொட்டகையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். எப்படிச் சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"யார்டுல நானே ஒரு வண்டியச் சாச்சிருக்கேண்ணே. பின்னாடி இருந்த வெயிட்ட வேற வண்டிக்குக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. தெரிஞ்சேதான் ஓட்டுனேன், ஒரு நடைதானன்னு. கூட நின்ன சோட்டாளிக்குக் கால் போச்சு. அன்னைக்குச் சுத்தி நின்ன அத்தன பேரும், அப்பவே சொன்னோம்ல, அப்பவே சொன்னோம்லன்னாங்க. ஒருத்தர்கூட எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கல. அதுக்கப்பறம் என்னால வண்டியில ஏறி உக்கார முடியலண்ணே. அதான் இங்க வந்தேன்."

பூண்டுத் தோலை ஊதிவிட்டு, "அந்த வார்த்தைய நான் யாருக்கும் சொல்றதில்ல" என்றார்.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம் டிரம்மை மாட்டினோம். வண்டியைப் பின்னால் எடுத்துக் கைகளைப் பொருத்தி, பூட்டும் பின்களை அடித்து, ஹைட்ராலிக்கில் அதைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினேன். பின்டயர்கள் நன்றாகப் பதிந்து உட்கார்ந்தன. நான் இறங்கிச் சாவியை அவரிடம் நீட்டினேன். "நீங்க ஓட்டிப் பாருங்க சகல. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க வரும்."

அவர் நெடுநேரம் சாவியை வாங்கவில்லை. என் மனைவிதான் வாசலிலிருந்து, "ஏறுங்க தம்பி" என்றாள். ஏறினார். அரை பக்கெட் மண் அள்ளி, முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல், அந்தச் சரிவில் ஊர்ந்து இறங்கினார். கீழே போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவர் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அள்ளிக்கொண்டே இருந்தார். பாதை முழுக்கச் சுத்தமாகிவிட்டது. இறங்கும்போது முகமெல்லாம் மண். சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது வத்தலக்குண்டு பக்கம் ஒரு யார்டில் மறுபடியும் லோடர் ஓட்டுகிறார். அங்கே வேலைக்குச் சேரும்போது, பின்பாரம் இல்லாத வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாராம். மலையில் மழை பிடித்துவிட்டால் போன் செய்வார். கட்டு நிற்கிறதா, பூண்டு அழுகாமல் இருக்கிறதா, அண்ணி இருமல் எப்படியிருக்கிறது என்று எல்லாம் விசாரிப்பார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் குத்திக்காட்டுவதாக நான் எடுத்துக்கொள்வேனோ என்று இன்னும் நினைக்கிறார் போலிருக்கிறது. பேச்சு முடிகிற நேரத்தில் நானே சொல்லிவிடுவேன்.

"மாட்டித்தான் ஓட்டுறேன் சகல."

"சரிங்கண்ணே" என்று வைத்துவிடுவார்.