இரண்டு விரதக்காரர்கள்

போன மாதம் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர்வரிசையில் ஒரு இளைஞன், "எனக்குக் குடல்ல புண்ணுங்க, காரம் ஆகாதுங்க, தயிர்சோறு மட்டும் போடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் சாம்பாரில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் எனக்கும் இருபது வயது, அதே நோய். வீட்டில் அதற்கு 'வயித்துவலி' என்று பெயர். ரத்தம் போவதை அம்மாவிடம்கூடப் பாதிதான் சொல்வேன். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு டாக்டர். டெட்டால் வாசம், நீளமான பெஞ்சு, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கக்கூஸ். அதன் கதவருகில்தான் சாதிக்கை முதலில் பார்த்தேன். என் வயதுதான். இருவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்திருந்தோம்.

"நீங்க போங்க."

"பரவால்லீங்க, நீங்க மொதல்ல போங்க."

நம்மூர் மரியாதைக்கு இடம் பொருள் ஏது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் உபசரித்துக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் நடுவில் புகுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, உங்களுக்கும் ரத்தமுங்களா?" என்றான் சாதிக், மெதுவாக.

தலையாட்டினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்போது எனக்கு வந்தது இரக்கமில்லை, சந்தோஷம். இன்னொருத்தனுக்கும் இருக்கிறது!

சாதிக்கின் அத்தாவுக்குக் கோட்டைமேட்டில் பாத்திரக் கடை. விருந்துகளில் தப்பிக்கும் வழியை அவன்தான் சொல்லிக்கொடுத்தான். "நோன்புன்னு சொல்லிப்போடுவேன் மாப்ள. அப்பறம் யாரும் வற்புறுத்த மாட்டாங்க." நானும் சனிக்கிழமை விரதம் பிடித்தேன். பிறகு செவ்வாய், வெள்ளி. "பையனுக்கு பக்தி ஜாஸ்திங்க" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பூரித்துப்போவாள். எனக்குக் கூசும். சாதிக்கிடம் சொன்னால் பெஞ்சு குலுங்கச் சிரிப்பான். எந்தத் தியேட்டர் கக்கூஸில் தாழ்ப்பாள் இருக்கிறது, நாம் கேட்டால் எந்தக் கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்துவார் என்பதெல்லாம் அங்கேதான் பேசுவோம். வேறு யாரிடம் பேச முடியும்?

டாக்டரிடம் போகும் நாளில் பஸ்ஸில் வரும்போதே, சாதிக் வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அவன் வந்தால் அவனுக்கு இன்னும் ரத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். தெரிந்தேதான் வேண்டினேன்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "ரொம்ப நாளா ஒண்ணுமே இல்ல மாப்ள. மருந்தைக் கொறச்சுட்டாரு. இனி அடிக்கடி வர வேண்டாமாம்."

"நல்லதுடா" என்றேன். வாய்தான் சொன்னது. என்னை விட்டுவிட்டுப் போகிறானே என்று கோபம் கோபமாக வந்தது. அவன் பிழைத்துக்கொண்டதற்கு வருத்தப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானும் பிறகு ஓரளவு தேறிவிட்டேன். அந்த டாக்டர் இல்லை, கட்டிடத்தை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். கோட்டைமேட்டில் பாத்திரக் கடையும் இல்லை, விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இந்த நோய்க்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. யாராவது புதிதாகச் சேர்ந்தால் உடனே பெயரைப் பார்க்கிறேன். அவனாக இருக்கக் கூடாது, எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்க வேண்டும். அதற்குள் மனசு முந்திக்கொண்டு, அவனாக இருக்கட்டும் என்கிறது.