பிழியக் கூடாத வேட்டி

சுகிர்தாவுக்கு இருபது வயது. தச்சநல்லூரில் வீடு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள். இறந்தவர்களுக்குக் காரியம் செய்பவர்கள் குளித்துவிட்டு ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை எடுக்கிற மாணவர் குழுவில் அவளும் ஒருத்தி.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. மணலில் புதைந்த துணியை நேராக இழுத்தால் பாதி கிழிந்து உள்ளேயே நின்றுவிடும். முதலில் குதிகாலால் மணலைத் தள்ள வேண்டும். துணி தளர்ந்த பிறகுதான் இழுக்க வேண்டும். எடுத்ததைப் பிழிந்து உரச்சாக்கில் போட வேண்டும். பிழியாத சாக்கை நாலு பேர் சேர்ந்தாலும் படியேற்ற முடியாது. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கி, தனியாளாகப் பிழிய சுகிர்தா பழகியிருந்தாள்.

“ஊரு பாவத்தையெல்லாம் பிழியுத. உனக்குத்தான் ஒட்டப்போவுது பாரு,” என்பான் கூட வேலை செய்யும் சல்மான் ஃபாரிஸ்.

“சாக்கு தூக்குதவன் நீதானலே. மொதல்ல உனக்குத்தான் ஒட்டும்.”

படித்துறையில் குழு ஒரு நீல டிரம் வைத்திருந்தது. துணியை ஆற்றில் விடாமல் அதில் போடச் சொல்லி, வருகிறவர்களிடம் சுகிர்தா கேட்பாள். சிலர் போட்டார்கள். பலர் போடவில்லை.

ஆவணி மாதம் அவளுடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். சுகிர்தா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், டம்ளர்களைக் கழுவினாள். “அழுதிருட்டி, நெஞ்சுலயே தங்கிரும்,” என்றாள் அத்தை ராஜராஜேஸ்வரி. சரி அத்தை என்றாள். அழுகை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், அப்பாவின் வேட்டியை டிரம்மில் போடலாமா என்று அண்ணன் கணேஷ்ராமிடம் கேட்டாள். அம்மாகிட்ட கேளு என்றான். அம்மா பிரம்மநாயகி சுவரைப் பார்த்தபடி, “ஆத்தோட போனாத்தான் அவுகளுக்கு வழி,” என்றாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் முழுதாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் கணேஷ்ராம் மூன்று முழுக்குப் போட்டு, அப்பாவின் வேட்டியைத் தண்ணீரில் விட்டான். “திரும்பிப் பாக்காம மேல ஏறுங்கோ,” என்றார் ஐயர். எல்லோரும் ஏறினார்கள். தண்ணீருக்குள் இருந்த கடைசிப் படியில் இன்னும் நின்ற சுகிர்தாவின் கணுக்காலில் வேட்டி வந்து உரசியது. அவள் குனிந்து எடுத்தாள். ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினாள். பிழிகிற சத்தம் கேட்டு அத்தைதான் முதலில் திரும்பினாள்.

“ஏட்டி! என்ன செய்யுத நீ?”

சுகிர்தா அப்போது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகுதான் கையைப் பார்த்தாள்.

“விட்ட துணியப் பிழிஞ்சு எடுத்தா, போறவாள வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டாப்ல ஆயிடும்மா,” என்றார் ஐயர். “மகன் மறுபடி முழுகி விடணும்.”

ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கணேஷ்ராம் கத்தினான். “ஞாயித்துக்கெழம நீதானட்டி எடுக்கப்போற? இன்னைக்கு ஒரு நாளு விட்டுத் தொலையேன்!”

அம்மா கத்தவில்லை. “அவுகள மறிக்காத, சுகி,” என்றாள். வாய் கோணியது.

சுகிர்தா வேட்டியை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் மறுபடி முழுகினான், விட்டான், ஏறினான். இந்தத் தடவை அத்தைகூடத் திரும்பவில்லை.

முறுக்கிய வேட்டி விரியவில்லை. கயிறு மாதிரி ஒரு முழம் போய்ப் படியின் மூலையில் செருகி நின்றது. அப்படியே விட்டால் மணல் ஏறி அங்கேயே புதைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாலு படி மேலே டிரம் இருந்தது. அதில் போட்டாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. எல்லோரும் முதுகைக் காட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். முறுக்கைப் பிரித்தாள். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து விட்டாள். காற்று உள்ளே புகுந்து வேட்டி உப்பியது. பைய நடு ஆற்றுக்குப் போனது. மனதில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போனாள். “இந்த வாரம் மேல உக்காரேன். நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றான் ஃபாரிஸ். வேண்டாம் என்று தண்ணீரில் இறங்கினாள். ஆற்றின் போக்கில் கீழே தள்ளி இருக்கும் நாணல் மேட்டில் அன்று நிறையத் துணி சிக்கியிருந்தது. அதில் ஐந்து வெள்ளை வேட்டிகள். ஒவ்வொன்றாக மணலைத் தள்ளி இழுத்தாள், பிழிந்தாள், சாக்கில் போட்டாள். அப்பாவுடையதா என்று எந்த வேட்டியின் கரையையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இட்லி வைத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள்.

“இன்னைக்கு என்ன துணி வந்துச்சு?”

“சேலைதாம்மா. பூராவும் சேலை.”

“வேட்டி?”

“ஒண்ணுகூட வரல.”

அம்மா தலையை ஆட்டினாள். அடுக்களைக்குப் போய், தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.