கடுகு மேல் ஏறாத லாரி

பிளாஸ்டிக் லாரிகளுக்கு மார்க் போடுவது என் பொழுதுபோக்கு. உலகப் போரில் ஓடிய ராணுவ வண்டிகளை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கி ஒட்டிக்கொள்வது நம் பாடு. நான் வாங்குவேன், ஒட்ட மாட்டேன். பாகங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் ஜவ்வு மாதிரி பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கிறதா, கதவுக் கைப்பிடி கைப்பிடி மாதிரி இருக்கிறதா என்று ஆராய்ந்து, இணையத்தில் எங்கள் குழுவில் மதிப்பீடு எழுதுவேன். எழுதியதும் பெட்டி பரண் ஏறிவிடும். கல்யாணத்துக்குப் போய், இலையில் உட்காராமலே சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வருகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு நான் பங்காளி.

இந்த ஆராய்ச்சி நடக்கும் இடம் எங்கள் திருத்தணி வீட்டின் ஜன்னலோர மேஜை. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். என் மனைவியின் தையல் மெஷின் பின்னறையில், கண் சிமிட்டும் ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே கிடந்தது. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் ஊரே மஞ்சளாகிவிடும். தைக்கக் கொடுக்கிற ஜாக்கெட்டெல்லாம் மஞ்சள். மஞ்சள் துணியில் மஞ்சள் நூல் போகிற வழி அந்த வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிவதில்லை. தைத்ததைப் பிரிப்பாள், பிரித்ததைத் தைப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் நான் லாரியின் டயர் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன ஆடிக்கு முன்னால் கூரியரில் ஒரு லாரி வந்தது. வழக்கம்போல எழுதினேன். பின்பக்கப் பலகையில் மரத்தின் ரேகைகூடத் தெரிகிறது, பாராட்டு. முன்கண்ணாடி சோடா பாட்டில் தடிமன், கண்டனம். ‘சக்கரங்கள் நிஜமாகவே சுழலும்படி அமைத்திருக்கிறார்கள், இதற்கே முழு மார்க்’ என்று முடித்தேன். மனைவி அதைப் போனில் படித்துவிட்டு, பரணில் இருப்பதில் ஒன்றாவது எழுந்து நின்றிருக்கிறதா என்று கேட்டாள். நான் கலை, பொறுமை என்று ஏதோ சொன்னேன்.

“இத ஒண்ணு மட்டும் ஒட்டி முடிச்சுக் காட்டுங்க. மேஜை உங்களுது, நான் வாயே தெறக்கல. இல்லன்னா ஜன்னலாண்ட என் மெஷின் வரும்,” என்றாள்.

தீர்ப்பு சொல்ல ஆர்.கே.பேட்டையிலிருந்து என் பாவா வருவதாக ஏற்பாடு. அக்கா வீட்டுக்காரர், நூல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். உடனே ஒத்துக்கொண்டேன். என் கல்யாண போட்டோவைப் பார்த்தே நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன மனுஷன் அவர்.

ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, மார்க் போடுவது எவ்வளவு சுகமான வேலை என்று. இடுக்கியிலிருந்து துள்ளிய ஒரு ஹெட்லைட் பூமியைவிட்டே போய்விட்டது. அந்த இடத்தில் மனைவியின் பிரஸ் பட்டன் ஒன்று பதவியேற்றது. என் விரல்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிரிய மறுத்தன. பசை விஷயத்தில் நான் தாராளம். ஆனாலும் லாரி நின்றது. பச்சை பெயின்ட் அடித்ததும் கொஞ்சம் கம்பீரமாகக்கூட நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தார். குனிந்தார், சுற்றினார், கிளீனர் எங்கே உட்காருவான் என்று விசாரித்தார். “நம்ம வண்டியவிட ஷோக்கா கீது மச்சான்,” என்றவர், மனைவி பக்கம் திரும்பி, “வண்டி தாம்மா, சந்தேகமே இல்ல,” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவள் பின்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

ஜெயித்துவிட்டேன். அதோடு காபி குடித்திருக்கலாம். பாவாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மலைக்குப் போய்ப் பூஜை போடாமல் இந்த ஊரில் சைக்கிள்கூட ஓடாது, இதற்கு வீட்டிலேயே ஒரு எலுமிச்சம்பழமாவது வைத்து ஏற்றுவோம் என்றார். மனைவி பழம் கொண்டுவந்தாள். பழம் சக்கரத்தைவிட உயரம். பரவாயில்லை, சும்மா முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினால் போதும் என்றார் பாவா.

புத்தியுள்ளவன் தலையாட்டியிருப்பான். எனக்குள் இருந்த மதிப்பீட்டாளர் விழித்துக்கொண்டார். “அளவு தப்பு பாவா. முப்பத்தஞ்சுல ஒரு பங்குன்னா எலுமிச்சம்பழம் கடுகு சைஸ்தான் வரும்.”

நான் சொன்ன எதற்கும் அவ்வளவு வேகமாக எழுந்திராத என் மனைவி, அஞ்சறைப்பெட்டியோடு வந்துவிட்டாள். சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு கடுகாக வைத்தாள்.

“ஆங், எடு மச்சான்,” என்றார் பாவா.

தள்ளினேன். லாரி போனது, சக்கரம் சுழலவில்லை. ஜாக்கெட் துணியில் இஸ்திரிப்பெட்டி போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. நசுங்க வேண்டிய கடுகெல்லாம் அதற்கு முன்னால் ஊர்வலம் போயின. இன்னும் அழுத்தித் தள்ளினேன். மேஜை ஆடியதே தவிர சக்கரம் அசையவில்லை.

பாவா அக்கறையோடு குனிந்தார். “ஹேண்ட்பிரேக் போட்டுகினு தள்றியா?”

வழிகாட்டித் தாளில், அச்சாணிப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பாட்டில் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தது. மது அருந்திவிட்டு ஒட்டாதீர்கள் என்கிறான் போல, நல்ல கம்பெனி, என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். அது பசை பாட்டில், நான் அச்சாணியில் தாராளமாக ஊற்றியது. மனைவி போனை எடுத்து, “இதற்கே முழு மார்க்,” என்று என் வரியை எனக்கே நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

பாவா எனக்காக வாதாடினார். நிறுத்திவைத்த வண்டியும் வண்டிதான் என்றார்.

“நிறுத்தி வெக்கிறதுக்கு வெளிச்சம் எதுக்குண்ணா?” என்றாள் அவள்.

பாவா எழுந்து பின்னறைக்கு நடந்தார். மெஷினை நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தோம். அவள் உட்கார்ந்து, நூலை ஒரே தடவையில் ஊசியில் கோத்தாள்.

மறுநாள் பார்த்தேன். என் லாரி தையல் மெஷின் பலகையில் நின்றது. மரத்தின் ரேகை தெரிகிற அந்தப் பின்பக்கத்தில் மஞ்சள் நூல் சுற்றிய பாபின்களை அடுக்கியிருந்தாள். வண்டி என்றால் லோடு ஏற்ற வேண்டாமா என்றாள். மனசு சும்மா இருக்குமா, கணக்குப் போட்டது. அளவுப்படி பார்த்தால் ஒவ்வொரு பாபினும் ஒரு டயர் சைஸ். சக்கரமே சுழலாத லாரியில் இத்தனை ஸ்டெப்னியா என்று சொல்ல வாயெடுத்தேன். அளவைப் பற்றி நான் கடைசியாகப் பேசியதில் ஒரு மேஜை போயிருந்தது. மூடிக்கொண்டேன்.