என் எடையில் இருந்த இன்னொருவன்

புயல் ஓய்ந்து மின்சாரம் திரும்பிய வாரத்தில் அந்த போன் வந்தது. கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெண் குரல். "பக்கத்து வூட்டுலேர்ந்து பேசறேன் சார். அந்தோணி அய்யா காலையில எழுந்திருக்கல. அவுரு போன்ல உங்க நம்பர் ஒண்ணுதான் இருந்திச்சி."

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கல்லறையில் ஃபாதரும் அக்கம்பக்கத்தார் சிலரும் நின்றார்கள். "நீங்க அவுருக்கு என்னா ஒறவு?" என்று ஒருவர் கேட்டார். "அவன்கிட்ட அடி வாங்கினவன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தோணி குத்துச்சண்டைக்காரன். நானும்தான். எழுபதுகளில் எங்கள் மாவட்டத்தில் ஹெவிவெயிட் என்றால் நாங்கள் இருவர் மட்டுமே. மற்ற எடைகளில் ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். எங்களுக்கு முதல் சுற்றே இறுதிச் சுற்று. பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். அந்தக் கோப்பைகளைக் காட்டித்தான் அரசாங்கத்தில் டிரைவர் வேலை வாங்கினான்.

இத்தனைக்கும் அவன் அந்த எடைக்காரனே அல்ல. ஹெவிவெயிட்டுக்கு எண்பத்தொரு கிலோவைத் தாண்ட வேண்டும். அவன் தாண்டமாட்டான். எடை பார்க்கும் காலையில் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் தின்று, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவான். "கீழ் எடைக்கு எறங்குடா மடையா, ஸ்டேட் மெடல் உனக்குத்தான்" என்று கோச் தலையில் அடித்துக்கொள்வார். கேட்கமாட்டான். மாநிலப் போட்டியில் நிஜமான தடியன்களிடம் உதை வாங்கித் திரும்புவான். ஏன்டா இப்படி என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நான் எறங்கிட்டா நீ யாரோட மோதுவ மச்சான்? ஆளே இல்லாம கையத் தூக்கி உட்டு அனுப்புவானுங்க. அது ஒரு ஜெயிப்பா?"

அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. 2005-ல் மனைவி மேரியும் போனபின், ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி என்னிடம் வந்துவிடுவான். பேச அதிகம் இருக்காது. டீ குடிப்போம், கீழ வீதியில் நடப்போம். சர்க்கரை நோய் அவனைக் கரைத்துக்கொண்டிருந்தது. போன வருடம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு எடை பார்த்தான். அறுபத்திரண்டு. அட்டையை என்னிடம் நீட்டிச் சிரித்தான்.

"எறங்கிட்டேன் மச்சான். நீ வேற ஆளப் பாத்துக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிறுகள் இப்போது எனக்குப் பெரிய பாரமாக இருக்கின்றன.

அவன் இருந்த வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கோப்பைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருப்பது என் கோணல் மூக்கு. அவனுடைய வலக்கைக் குத்தில் ஒடிந்தது. வயதாக ஆக மூச்சு விடத் திணறுகிறது. சின்ன ஆபரேஷன், நேராக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். சென்னையிலிருந்து மகனும் போனில் வற்புறுத்துகிறான்.

மாட்டேன் என்றுவிட்டேன். அந்தோணி என்று ஒருவன் எனக்கு எதிரே நின்றான் என்பதற்கு இது ஒன்றுதான் மிச்சம்.